256 என்ற எண்ணும் பிழைச் செய்திக்குத் தனிக் குழாய் கிடைத்த கதையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காப்பி ஆறுவதற்குள் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தம்பியின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், கணினி அல்ல. ஆனால் கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது யூடியூப் பார்த்துப் பைத்தான் கற்றுக்கொண்டேன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சந்தேகம் என்றால் என்னிடம் வருவாள். 2019-இல் வந்த புதிய பாடநூலில் ஒரு பாடம் இருக்கிறது. சி++ மொழியில் எழுதிய நிரலை, பைத்தான் நிரலுக்குள்ளிருந்தே தொகுத்து இயக்குவது எப்படி என்பது அந்தப் பாடம். அதற்கு அதில் சொல்லியிருக்கும் வழி ஓஎஸ்.சிஸ்டம் என்ற செயற்கூறு. அடைப்புக்குறிக்குள் கட்டளையை எழுதிவிட்டால் பைத்தான் அதை வெளியே கொடுத்து இயக்கிவிடும்.

அவள் மடிக்கணினியில் லினக்ஸ். ஐடில் சாளரத்தைத் திறந்து கட்டளையைத் தட்டினாள். பதிலாக ஒரே ஓர் எண் வந்தது: 256. வேறு ஒன்றுமே இல்லை.

"தாத்தா, 256-னா என்ன? பாஸா, பெயிலா?"

பெயில்தான். ஒரு வெளிக் கட்டளை முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. வேறு எதுவானாலும் ஏதோ விசேஷம். யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் ஓஎஸ்.சிஸ்டம் அந்த எண்ணை நேராகத் தராது. 16 பிட் கொண்ட ஒரு பெட்டியில், மேல் பாதி 8 பிட்டில் வைத்துத் தரும். கீழ்ப் பாதி, நிரலை யாராவது நடுவில் அடித்து நிறுத்தினார்களா என்று குறிக்க. ஆகவே 1 என்பது 256 ஆகத் தெரிகிறது. இதை அவளுக்குச் சொன்னதும் அடுத்த கேள்வி உடனே வந்தது. "சரி, என்ன தப்புன்னு அது சொல்லவே இல்லையே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடம் வரை போக வேண்டியிருக்கிறது.

1964 அக்டோபரில் அங்கே டக் மெக்கில்ராய் என்பவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். தோட்டத்தில் ரப்பர் குழாய்த் துண்டுகளை ஒன்றோடு ஒன்று மாட்டுவதுபோல நிரல்களையும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அந்த யோசனை ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது. 1973-இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸில் குழாயை, அதாவது பைப்பைச் சேர்த்தார். ஒரு நிரலின் வெளியீடு அப்படியே அடுத்த நிரலின் உள்ளீடாகப் பாயும். ஒவ்வொரு நிரலுக்கும் 0 என்ற எண்ணில் ஒரு உள்வாசல், 1 என்ற எண்ணில் ஒரு வெளிவாசல்.

இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போனவர்களுக்கு உடனே புரியும். ஒருவர் திருத்துகிறார், அடுத்தவர் கூட்டுகிறார், மூன்றாமவர் பதிவேட்டில் ஏற்றுகிறார். முதல் ஆள், மதிப்பெண் எழுத வேண்டிய கட்டத்தில் "பக்கம் கிழிந்திருக்கிறது" என்று எழுதிவிட்டால், கூட்டுகிறவர் என்ன செய்வார்? மனிதர் என்றால் எழுந்து போய்க் கேட்பார். கணினி அதையும் கூட்டப் பார்க்கும். அன்றைய யூனிக்ஸ் நிரல்கள் பிழைச் செய்தியையும் அதே 1-ஆம் வாசல் வழியாகத்தான் வெளியே தள்ளின. "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்ற செய்தி அடுத்த நிரலுக்குத் தரவாகப் போனது, அல்லது ஒரு கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இது எல்லோருக்கும் தெரிந்த சங்கடம்தான். ஆனாலும் மாற்ற ஒருவரும் அசையவில்லை. அசைத்தது ஓர் அச்சு இயந்திரம்.

கிராஃபிக் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் சி/ஏ/டி என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்தை ஆய்வுக்கூடம் வாங்கியிருந்தது. அதை ஓட்டுவதற்காகத்தான் ஜோ ஒசானா டிராஃப் என்ற நிரலை எழுதினார். ஈய எழுத்து இல்லை, மை இல்லை. படச்சுருளில் எழுத்து வடிவங்கள் இருக்கும். ஒரே நேரத்தில் நான்கு எழுத்துரு மாட்டலாம். ஒளி அதன் வழியே பாய்ந்து புகைப்படத் தாளில் எழுத்தைப் பதிக்கும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் இருட்டறையில் படம் கழுவுவார்களே, அதே மாதிரி அந்தத் தாளையும் கழுவி எடுத்தால்தான் எழுத்து தெரியும். நாற்றம் அடிக்கும் ரசாயன இயந்திரம். நீளமான தாளைப் பக்குவமாக உள்ளே விட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ஸ்டீவ் ஜான்சன் என்று ஒருவர் அங்கே இருந்தார். யாக் என்ற புகழ்பெற்ற நிரலை எழுதியவர். பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்த சம்பவம் இது. ஒரு நாள் பிற்பகல் அவருக்கும் கூட இருந்த சிலருக்கும் ஒரே அனுபவம். தாளைக் கழுவி, காத்திருந்து, வெளியே எடுத்துப் பார்த்தால் கட்டுரையைக் காணோம். இன்ன கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒரே வரி, மிக அழகான அச்செழுத்தில்! முணுமுணுப்பு பலமாக எழுந்தது. கேட்க வேண்டியவர்கள் காதிலும் விழுந்தது. ஓரிரு நாளில் பிழைச் செய்திக்கென்று தனி வாசல் பிறந்துவிட்டது என்கிறார் ஜான்சன்.

அந்த வாசலின் எண் 2. பெயர் ஸ்டாண்டர்டு எரர். 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வெளியீடு எந்தக் கோப்புக்குப் போனாலும் எந்தக் குழாயில் பாய்ந்தாலும், 2-ஆம் வாசல் மட்டும் ஆள் உட்கார்ந்திருக்கும் முனையத்தைப் பார்த்தே திறந்திருக்கும். சி மொழியில் இதற்கு இன்னொரு சலுகையும் உண்டு. சாதாரண வெளியீடு கோப்புக்கோ குழாய்க்கோ போகும்போது கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாகப் போகும். பிழைச் செய்தி காத்திருக்காது, எழுதியதும் போய்விடும். நிரல் அடுத்த நொடியில் செத்தாலும் கடைசி வார்த்தை வெளியே வந்திருக்க வேண்டும் அல்லவா?

நான் இதைப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. வேகத்துக்காகவோ அழகுக்காகவோ வந்த ஏற்பாடு அல்ல இது. ஒரு செய்தி மனிதனின் கண்ணில் பட்டாக வேண்டும் என்பதற்காக மட்டுமே வந்தது. அதற்குப் பிறகு வந்த ஐம்பது ஆண்டு வரலாறு, அந்த வாசலை நாமே எத்தனை விதமாக அடைத்தோம் என்பதுதான்.

1979-இல் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் பார்ன் எழுதிய ஷெல் வந்தது. இரண்டாம் வாசலையும் நினைத்த பக்கம் திருப்பிவிடலாம் என்றது. 2>&1 என்ற மந்திரம் அங்கே பிறந்ததுதான். "2-ஐயும் 1 போகும் இடத்துக்கே அனுப்பு" என்று பொருள். கஷ்டப்பட்டுப் பிரித்ததை மறுபடி சேர்க்கும் வசதி! சில நேரம் அது தேவைதான். இடது பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கும் என்பதால், கோப்புக்குத் திருப்பும் குறிக்கு முன்னால் இதைப் போட்டால் ஒரு பலன், பின்னால் போட்டால் வேறு பலன். இன்றைக்கும் பெரிய பெரிய ஆட்கள் தடுக்கி விழும் இடம்.

இப்போது பைத்தானுக்கு வருவோம். கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, 1991 பிப்ரவரியில் வெளியிட்ட மொழி. வெளிக் கட்டளைகளை இயக்குவது அதில் ஆரம்பத்திலிருந்தே முக்கியமான வேலை. ஓஎஸ்.சிஸ்டம் எண்ணை மட்டும் தரும். கட்டளையின் இரண்டு வாசல்களும் பைத்தான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கேயே பார்க்கும். கறுப்புத் திரையில் இயக்கினால் பிழைச் செய்தி அங்கே வந்து விழும். பட்டியில் சொடுக்கித் திறந்த ஐடில் சாளரமாக இருந்தால் அதில் வராது, கண்ணுக்குத் தெரியாத எங்கோ போகும். பேத்திக்கு நடந்தது இதுதான். ஓஎஸ்.பிஓபன் வெளியீட்டைக் கையில் தரும், பிழையைத் தராது. கமாண்ட்ஸ் என்று ஒரு தொகுதி இருந்தது. அது எப்படிச் சமாளித்தது தெரியுமா? நாம் கொடுக்கும் கட்டளையின் வாலில் தானே 2>&1 ஒட்டிவிடும். இரண்டும் கலந்த சாம்பார் வரும்.

இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டும் என்றால் பிஓபன்3 என்று ஒன்று இருந்தது. உள்ளீடு, வெளியீடு, பிழை என்று மூன்று குழாய் தரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு குழி இருந்தது.

குழாய் என்றால் வெறும் குழாய் அல்ல, நடுவில் ஒரு தொட்டி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட் கொள்ளளவு. முன்பு 4,096தான். தொட்டி நிரம்பிவிட்டால், மறுமுனையில் யாராவது இறைக்கும்வரை எழுதுகிற நிரல் அப்படியே நின்றுவிடும். நம் பைத்தான் நிரல் "முதலில் வெளியீடு முழுவதையும் படிக்கிறேன், பிறகு பிழையைப் படிக்கிறேன்" என்று வரிசைப்படி உட்கார்ந்திருக்கிறது. வெளிக் கட்டளையோ பிழைச் செய்திகளாக எழுதித் தள்ளுகிறது. பிழைத் தொட்டி நிரம்பியது. யாராவது இறைக்கட்டும் என்று கட்டளை நிற்கிறது. வெளியீடு முடியட்டும் என்று பைத்தான் நிற்கிறது. சம்பந்தி வீட்டார் இருவரும் "அவர்கள் முதலில் பேசட்டும்" என்று உட்கார்ந்திருப்பார்களே, அதுதான். கல்யாணம் நடக்காது.

இதில் கொடுமை, சோதித்துப் பார்க்கும்போது இது தெரியாது. சின்னக் கோப்பு, இரண்டு மூன்று பிழை வரி, தொட்டி நிரம்பாது. எல்லாம் சரி என்று தோன்றும். நிஜமாகப் பிழைகள் குவியும் நாளில்தான் நிரல் உறையும். நிறையச் சொல்ல இருக்கும் அன்றைக்குத்தான் அதன் குரல் அடைபடும்.

2003 நவம்பரில் பீட்டர் ஆஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன்காரர் ஒரு முன்மொழிவு வைத்தார். பெப் 324 என்று அதற்கு எண். இருக்கிற அத்தனை வழிகளுக்கும் பதிலாக ஒரே தொகுதி, பெயர் சப்பிராசஸ். அடுத்த ஆண்டு நவம்பரில் பைத்தான் 2.4-உடன் வந்துவிட்டது. பிழையை என்ன செய்ய வேண்டும் என்று இதில் நாமே வெளிப்படையாகச் சொல்லலாம். தனிக் குழாயில் கொடு என்றோ, வெளியீட்டோடு சேர் என்றோ, இந்தக் கோப்பில் எழுது என்றோ சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் பழையபடி திரைக்குப் போகும். கம்யூனிகேட் என்ற செயற்கூறு இரண்டு தொட்டியிலும் மாறி மாறி இறைத்துக்கொள்ளும். சம்பந்திகள் சிக்கல் தீர்ந்தது.

அதன் உள் வேலை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கட்டளையின் பெயரையே தப்பாகக் கொடுத்துவிட்டோம், அப்படி ஒரு நிரலே கணினியில் இல்லை என்று வையுங்கள். யூனிக்ஸில் பைத்தான் முதலில் தன்னைப்போல ஒரு பிரதியைப் பிறப்பிக்கும். அந்தப் பிள்ளைதான் வெளி நிரலாக மாறப் பார்க்கும். மாற முடியாவிட்டால் அந்தச் செய்தி பிள்ளையோடே செத்துப்போகுமே? அதற்காக ஆஸ்ட்ராண்ட் பிள்ளைக்கும் தாய்க்கும் இடையே நமக்குத் தெரியாமல் இன்னொரு சிறு குழாய் வைத்தார். பிள்ளை அதில் தன் தோல்வியை எழுதிவிட்டுச் சாகும், தாய் அதைப் படித்து நமக்குச் சொல்லும். மர்ரே ஹில் அச்சு இயந்திரத்தில் கிடைத்த பாடத்தை முழுதாகப் படித்த ஆள் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு வந்தவை சின்னச் சின்ன வசதிகள். 2010-இல் பைத்தான் 2.7-இல் செக்_அவுட்புட். 2015-இல் 3.5-இல் ரன். 2018-இல் 3.7-இல் கேப்சர்_அவுட்புட் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் பிடிக்கும் வழி. செக் என்று சேர்த்துக்கொண்டால், கட்டளை 0 அல்லாத எண்ணோடு முடிந்ததும் பைத்தான் தானே கத்தும். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. அந்தக் கத்தலில் கட்டளையும் எண்ணும் மட்டும்தான் இருக்கும். பிடித்து வைத்த பிழைச் செய்தி அந்தப் பிழைப் பொருளின் பையில் இருக்கும், நாம்தான் கை விட்டு எடுத்து அச்சிட வேண்டும். தெரியாதவர்கள், பிடித்ததாலேயே அதைத் தொலைத்துவிடுகிறார்கள். பிடிக்காமல் விட்டிருந்தால் திரையிலாவது விழுந்திருக்கும்.

இன்னொரு சேட்டை. 2-ஆம் வாசலில் ஏதாவது வந்தாலே பிழை என்று நினைத்துவிடக் கூடாது. கிட் தன் முன்னேற்றத்தை அந்த வழியில்தான் சொல்லும். பைத்தானிடமே "உன் பதிப்பு எண் என்ன" என்று கேட்டால், 3.4-க்கு முன்பெல்லாம் பதில் பிழை வாசலில் வந்தது! 0 அல்லாத எண் வந்தாலும் எப்போதும் தோல்வி அல்ல. கிரெப் தேடிய சொல் கிடைக்காவிட்டால் 1 என்று சொல்லும், நிஜமான கோளாறு என்றால் 2. எண்ணையும் பார்க்க வேண்டும், செய்தியையும் படிக்க வேண்டும்.

இவ்வளவு வக்கணையாக எழுதுகிறேனே, எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண்பதுகளின் கடைசியில், ஊர் ஊராகப் போய் வயதானவர்களின் பாட்டைக் கேசட்டில் பிடித்து வைத்தேன். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. நாற்பத்து மூன்று பதிவுகள். மூன்று ஆண்டுக்கு முன் அவற்றைக் கணினியில் ஏற்றினேன். கோப்புகள் பெரிதாக இருந்தன. எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளையை வைத்து எம்பி3 ஆக்கிப் பென் டிரைவில் போட்டு, பெரிய கோப்பை அழித்துவிடும்படி பைத்தானில் பத்து வரி எழுதினேன். அந்தக் கட்டளை நல்லது கெட்டது எல்லாவற்றையும் 2-ஆம் வாசலில்தான் பேசும். ஒவ்வொரு பாட்டுக்கும் திரை முழுக்க எழுத்து. எரிச்சலாக இருந்தது. பிழை வெளியீட்டை டெவ்நல் என்ற பாழுங்கிணற்றுக்குத் திருப்பிவிட்டேன். முடிவு எண்ணையும் பார்க்கவில்லை. திரை அமைதியாக, அழகாக இருந்தது. மதியம் சாப்பிடப் போய்விட்டேன்.

நடுவில் பென் டிரைவ் நிரம்பிவிட்டது. அதில் ஏற்கெனவே பேரன் பிறந்தநாள் வீடியோக்கள் இருந்ததை நான் யோசிக்கவில்லை. கடைசிப் பதினொரு பாட்டுக்கும் இடம் இல்லை, இடம் இல்லை என்று கட்டளை சொல்லியிருக்கும், கிணற்றுக்குள். என் நிரல் ஒவ்வொன்றாக மூலக் கோப்பை அழித்துக்கொண்டே போயிருக்கிறது. மாலையில் பார்த்தபோது ஒன்று பாதியில் நின்றிருந்தது. மற்றப் பத்தும் பெயர் இருக்கிறது, அளவு 0 பைட்.

ஒன்பது கேசட் இன்னும் நன்றாக ஓடியது, திரும்ப ஏற்றிவிட்டேன். ஒன்றை நண்பர் ஒருவர் கேட்க வாங்கிப் போயிருந்தார், அவரும் இல்லை, கேசட்டும் இல்லை. இன்னொன்று, எங்கள் பள்ளிக்கு எதிர் வீட்டுப் பாட்டி தன் மகனுக்குப் பாடிய ஒப்பாரி. ஏற்றிய அன்றைக்கே நாடா இளகித்தான் இருந்தது. மறுபடி ஓட்டியபோது சிக்கி அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்த வரலாற்றையெல்லாம் தேடிப் படித்தேன். இப்போது என் நிரல் ரன் என்பதைப் பயன்படுத்துகிறது. பிழைச் செய்தியைப் பிடிக்கிறது, தேதியோடு ஒரு கோப்பில் எழுதுகிறது. எண் 0 ஆகவும் புதிய கோப்பு வெறுமையில்லாமலும் இருந்தால்தான் அடுத்த அடி. எதையும் தானாக அழிப்பதில்லை. அதை நானே கையால் செய்கிறேன்.

பேத்திக்கும் அதையே மாற்றிக் கொடுத்தேன். கேப்சர்_அவுட்புட் சேர்த்து, பிழைப் பகுதியைத் தனியாக அச்சிடச் சொன்னோம். சி++ தொகுப்பி ஏழாவது வரியில் அரைப்புள்ளி இல்லை என்று வரி எண்ணோடு சொல்லியிருந்தது. போட்டாள், ஓடியது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று கணினியைத் திட்டினாள்.

ஒரு வேண்டுகோள். அறுந்த கேசட் நாடாவை ஒட்டிச் சரிசெய்யத் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் இன்னும் கடை வைத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நாடா அறுந்தது ஒரே இடத்தில்தான். டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.